பிழையாரின் ஆசிலாஸ்கோப்

"இந்த வீட்டில் இனிமேல் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது" என்று பிழையார் காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தார். அறிவித்துவிட்டு, மறுபேச்சு வருகிறதா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். வரவில்லை. அவள் டப்பாவில் மதியச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். தைரியம் இரண்டு மடங்கானது.

பிழையார் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் சூட்டிய பட்டம் அது. வீட்டுக்கு வந்தாலும் மனிதர் அந்த வேலையை விடமாட்டார். மடித்து வைத்த துணியில் ஒரு குற்றம், மூடி வைத்த பாத்திரத்தில் ஒரு குற்றம், மூடாமல் வைத்ததில் இரண்டு குற்றம். அவர் குற்றமே காணாத இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது அவருடைய சொந்த அறை.

வீட்டின் கடைசியில், பெரிய ஜன்னலுடன், நல்ல காற்றும் வெளிச்சமும் வரக்கூடிய அறை. வரக்கூடிய என்றுதான் சொல்ல முடியும். ஜன்னல் வரைக்கும் சாமான் இருந்ததால் இரண்டும் உள்ளே வந்ததில்லை. பதினோரு ஊமை ரேடியோக்கள், திரை போன நான்கு டிவிகள், சுற்றாத விசிறிகள், அடிக்காத அழைப்பு மணிகள், எந்தச் சாதனத்திலிருந்து கழற்றியது என்று அவருக்கே மறந்துபோன திருகாணிகள் ஒரு வாளி நிறைய. இவற்றுக்கு நடுவே ஒரு பெரிய மேஜை. அந்த மேஜையின் மரத்தைக் கடைசியாக மனிதக் கண் பார்த்து எட்டு வருடம் ஆகிறது. அவர் அந்த அறையை 'லேப்' என்பார். மனைவி 'குடோன்' என்பாள்.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று பிழையார் தொண்டையைக் கனைத்தார். "ஆசிலாஸ்கோப் ஒண்ணு வாங்கப் போறேன். பழசுதான். ஆனா வாங்கியே தீருவேன்."

ஆசிலாஸ்கோப் என்றால் வேறொன்றுமில்லை. கம்பிக்குள் மின்சாரம் என்ன ஆட்டம் ஆடுகிறது என்பதைச் சின்னத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டுகிற பெட்டி. ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு அது கண். அது இல்லாததால்தான் தன் பதினோரு ரேடியோக்களும் பாடவில்லை என்பது பிழையாரின் கட்சி. ஒன்பது வருடமாக இதைச் சொல்லிவருகிறார். ஒன்பது வருடமாக மனைவியும் "சரி, வாங்குங்களேன்" என்றுதான் சொல்லிவந்தாள். அவரும் வாங்கவே இல்லை.

இன்றைக்கு அவள் டப்பாவை மூடிவிட்டு, "வேண்டாம்" என்றாள்.

பிழையாரின் கை தட்டிலேயே நின்றது.

"என்ன சொன்னே?"

"வேண்டாம்னு சொன்னேன். அந்தப் பெட்டி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"யாரு சொல்றது?"

"நான்தான் சொல்றேன். அதோட இன்னொண்ணு. எங்க ஆஸ்பத்திரியில வேலை பார்த்து ரிடையர் ஆனவங்க யாரோ பழைய ஆசிலாஸ்கோப் நாலு விக்கிறாங்களாம். விலாசம் எழுதி என் கையில குடுத்தாங்க. நான் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டேன். நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிற வேலையில் இருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர் நெஞ்சு போடுகிற கோட்டைப் பார்த்து, இது சரி, இது கோளாறு என்று பிரிக்கிற வேலை. ஆனால் பிழையாரைப் பொறுத்தவரை, எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஜீவன் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

அவள் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஒரே பாய்ச்சலில் குப்பைக் கூடையை எட்டினார். சீட்டு மேலேயே கிடந்தது. இரண்டே துண்டாகக் கிழிந்திருந்தது, அதுவும் விலாசத்துக்கு நடுவில் இல்லாமல் கீழே வெற்றிடத்தில். ஒரு காய்கறித் தோல்கூட அதன்மேல் படவில்லை. தன் அதிர்ஷ்டத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

"என்னையா தடுக்கப் பார்க்கிறாள்?" என்று வெற்று வீட்டைப் பார்த்துக் கேட்டார். வெற்று வீடு பதில் சொல்லவில்லை. அதையும் அவர் தன் வெற்றிக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

அச்சகத்துக்கு வயிற்று வலி என்று தகவல் சொல்லிவிட்டு நேரே அந்த விலாசத்துக்குப் போனார். கதவைத் திறந்தவர் அறுபது வயதுப் பெண்மணி. கட்டையாக வெட்டிய நரைமுடி, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, கையில் சாலிடரிங் கருவி. அதன் நுனியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஆசிலாஸ்கோப் விஷயமா வந்தேன். சார் இருக்காரா?"

"எந்த சார்?"

"ரிப்பேர் பண்றவர். உங்க வீட்டுக்காரர்."

"அவர் உள்ள வெங்காயம் நறுக்கறார். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகணும்னு அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுது பார்த்தவர். அங்கே டாக்டர் முதல் வாசல் காவலர் வரைக்கும் 'ரிப்பேர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்களாம். பிழையாரும் சொன்ன 'சாரை'த் திருத்திக்கொள்கிற மாதிரி, "சரிங்கக்கா" என்றார்.

பின்பக்கத்து அறையில் நான்கு ஆசிலாஸ்கோப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"எதுங்கக்கா நல்லா இருக்கும்?"

"நான் சொல்ல மாட்டேன். நாலும் என் கையில பிழைச்சு எழுந்தது. ஒண்ணைப் பார்த்து மட்டம்னு என் வாயால எப்படிச் சொல்றது? வாங்கறவங்கதான் பார்த்து எடுத்துக்கணும்."

பிழையாருக்கு இதைவிட இனிப்பான பேச்சு உலகத்தில் கிடையாது. குற்றம் கண்டுபிடி என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதல் பெட்டி பளிச்சென்று எரிந்தது. அவர் விளக்கை அணைக்கச் சொல்லி, திரையைச் சாய்வாகப் பார்த்தார். நடுவில் பழுப்பாக ஒரு தழும்பு. "வருஷக்கணக்கா ஒரே கோட்டை ஓட விட்டிருக்காங்க. திரையே வெந்துபோச்சு. வேண்டாம்." இரண்டாவது புத்தம்புதுசு போல மின்னியது. ஒவ்வொரு குமிழாகத் திருகினார். திருகத் திருகக் கோடு துள்ளியது. "வெளியேதான் மேக்கப். உள்ளே எல்லாம் துரு. வேண்டாம்." மூன்றாவது கைக்கு அடக்கமாக, ஒரு கையால் தூக்குகிற மாதிரி இருந்தது. அதற்கு இரண்டு கோடு வர வேண்டும். ஒன்று வந்தது, இன்னொன்று எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை.

நான்காவது பார்க்கவே சகிக்கவில்லை. பெயின்ட் உரிந்து, கைப்பிடி உடைந்து, கனமோ கனம். பிழையார் சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் காத்திருந்தார். கோடு வந்தது. இரண்டு குமிழைத் திருகினார். கோடு காணாமல் போயிற்று.

"செத்துப்போச்சுக்கா."

"சாகல. நீங்கதான் அதைக் கூரைக்கு மேல ஏத்திவிட்டுட்டீங்க." அக்கா ஒரு குமிழைப் பின்னால் திருப்பினார். மேலேயிருந்து கோடு பத்திரமாக இறங்கி நடுவில் வந்து நின்றது.

பிழையார் காது வரை சிவந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். அரை மணி நேரம் அந்தப் பெட்டி முன்னால் அசையாமல் உட்கார்ந்தார். சூடு ஏறினால் பழைய பெட்டிகளில் கோடு மெல்ல நகரும். இது நகர்கிறதா என்று, எழுத்துப் பிழை தேடுகிற அதே கண்ணோடு பார்த்தார். கோடு நகரவில்லை. மயிரிழை போல மெலிசாக அப்படியே நின்றது. பெட்டியில் இருந்தே வரும் சோதனை அலையைக் கொடுத்துப் பார்த்தார். சதுரம் சதுரமாக வந்தது. ஒவ்வொரு மூலையும் கத்தியால் வெட்டின மாதிரி கூர்மை. அடுத்த கோட்டையும் பார்த்தார். அதுவும் அப்படியே. மனிதர் ஆடிப்போனார். இருபத்திரண்டு வருடத்தில் குற்றமே இல்லாத ஒரு பக்கத்தை முதல் முறையாகப் படிக்கிறார்.

"இதுதான்க்கா."

அக்கா கண்ணாடியை இறக்கி அவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார்.

"விலை?"

"விலை கிடக்கட்டும். முதல்ல உங்க மேஜையைப் பார்க்கணும். என் கருவி எங்க போய் உட்காரப் போகுதுன்னு பார்க்காம நான் யாருக்கும் குடுக்கறதில்ல. பெரிய மேஜையா இருக்கணும். மேல ஒரு குண்டூசி கூடாது. பின்னால காத்துப் போகணும். தூசி ஆகாது. வெளிச்சம் இடப்பக்கத்துலேருந்து வரணும். பக்கத்துல புத்தகம் வைக்க ரெண்டு தட்டு. அப்புறம், நல்ல நாற்காலி ரெண்டு."

"பெட்டிக்கு எதுக்குக்கா புத்தகத் தட்டு?"

"பெட்டி வேணுமா, வேண்டாமா?"

"வேணும்க்கா."

"ஞாயித்துக்கிழமை காலையில கொண்டு வர்றேன். மேஜை சரியில்லைன்னா அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிழையார் கொதித்தார். என் அறையை ஒழிக்கச் சொல்ல இவர் யார்? கட்டிய மனைவி மூன்று தடவை கேட்டும் ஒரு அங்குலம் விட்டுத்தராத ஆண்பிள்ளை நான். அது உண்மைதான். அரை மேஜை போதும், படிக்கணும் என்று அவள் மூன்று முறை கேட்டிருந்தாள். என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை. லேப் லேப்தான், பள்ளிக்கூடம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவள் அதற்குப் பிறகு துணி தேய்க்கிற பலகையைச் சமையலறை ஓரத்தில் விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். அவருக்குச் சட்டை தேய்க்க வேண்டியபோதெல்லாம் புத்தகம் தரைக்கு இறங்கும்.

ஆனால் அந்தப் பச்சைக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. மறுநாள் வயிற்று வலி முற்றிவிட்டதாக அச்சகத்துக்குத் தகவல் போயிற்று. பிழையார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அறைக்குள் இறங்கினார். முதல் ரேடியோவைத் தூக்கி வாசலில் வைத்தார். வேண்டாம், இது ஒன்றாவது இருக்கட்டும் என்று திரும்ப உள்ளே எடுத்துவரப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, டியூட்டி மாற்றிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொல்லி மனைவி வாசலில் நின்றாள்.

"ஐயோ, என்னங்க இது? இதையா தூக்கிப் போடறீங்க?"

"ஏன், போடக் கூடாதா?"

"கூடவே கூடாது. உள்ள வைங்க. எனக்கு அந்த ரேடியோ வேணும்."

"உனக்கு எதுக்கு?"

"எதுக்கோ. நான் சொல்றேன், இருக்கட்டும்."

"நீ சொன்னா? இது என் ரூம். இங்க எது இருக்கணும், எது போகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." பிழையார் ரேடியோவைத் தெருவிலேயே கொண்டுபோய் வைத்தார்.

"சரி, அந்த டிவிங்களையாவது விட்டுவைங்க."

நான்கு டிவிகளும் தெருவுக்குப் போயின.

"திருகாணி வாளி? எவ்வளவு ஆசையா சேர்த்தீங்க?"

வாளியும் போயிற்று. மூன்று நாள் இந்தப் போர் நடந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் வழிமறித்தாள். அவர் ஒவ்வொன்றையும் அவள் கண் முன்னாலேயே கடத்தினார். அவளாக ஒன்றும் சொல்லாமல் விட்ட சாமான் என்று எதுவும் கிடையாது. நல்ல வேளையாகப் பழைய சாமான் எடுக்கிறவர் வண்டியோடு தானாகவே வந்து நின்றார். யாரோ வரச் சொன்னார்களாம். யார் என்று கேட்க பிழையாருக்கு நேரமில்லை.

"மேஜையை மட்டும் ஜன்னலோரம் போட்டுடாதீங்க. என்னால பார்க்க முடியாது" என்றாள் சனிக்கிழமை.

மேஜை ஜன்னலோரம் போயிற்று. பக்கத்தில் இரண்டு தட்டும் இரண்டு நாற்காலியும் வந்தன. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது.

"தரையைத் துடைக்கறது உங்க வேலை இல்லைங்க. அது எனக்குத்தான் சரியா வரும்."

"யாருக்கு வராது?" என்று கேட்ட பிழையார் மண்டி போட்டு மூலை மூலையாகத் துடைத்தார். துடைத்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எட்டு வருடம் கழித்து அந்த அறைக்குள் வெயில் வந்திருந்தது. வாசலில் நின்ற மனைவியின் கண்கள் நிறைந்திருந்தன. அந்தச் சாமான்கள் பறிபோன துக்கம் என்று அவர் நினைத்தார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் ஜெயித்தவன் இரக்கப்படக் கூடாது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மேஜையின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். வண்டிக்காரரும் பிழையாருமாக அந்தக் கனத்தைத் தூக்கிவந்து மேஜையில் இறக்கினார்கள். சுவிட்சைப் போட்டதும், ஒரு நிமிடத்தில் பச்சைக் கோடு எழுந்தது. பிழையார் மீசையைத் தடவிக்கொண்டு, மனைவி எங்கே, வந்து பார்க்கட்டும் என்று திரும்பினார்.

மனைவி வந்தாள். கையில் நான்கு தடிப் புத்தகம், ஒரு நோட்டு, பென்சில். புத்தகங்களைத் தட்டில் அடுக்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆரம்பிக்கலாமாக்கா?"

"ஆரம்பிக்கலாம்மா. மூணு மாசம்தான் இருக்கு."

"என்ன ஆரம்பிக்கறது?" என்றார் பிழையார். "எதுக்கு மூணு மாசம்?"

அக்காதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் கருவிப் பிரிவில் இடம் காலி. பரீட்சை வைத்து எடுக்கிறார்கள். செய்முறைத் தேர்வில் கெட்டுப்போன கருவி ஒன்றைத் தருவார்கள். ஆசிலாஸ்கோப்பை வைத்து ஒரு மணி நேரத்தில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். "உங்க வீட்டம்மாவுக்குக் கோட்டைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்ல. பதினெட்டு வருஷமா அதைத்தானே படிக்கறாங்க. பெட்டியில கை பழகணும், அவ்வளவுதான்."

"நில்லுங்க, நில்லுங்க. இது என்னோட ஆசிலாஸ்கோப்."

"இல்லைங்க. போன மாசமே பணம் குடுத்தாச்சு" என்றாள் மனைவி. "நாலுல எதை எடுக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல. அக்காவும் வாயைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. குத்தம் கண்டுபிடிக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாதே. அதான் உங்களை அனுப்பினேன்."

"நீ எங்க அனுப்பினே? அந்தப் பக்கமே போகாதேன்னுதானே சொன்னே?"

அவள் நோட்டைப் பிரித்தாள். அக்கா கூரையைப் பார்த்தார்.

பிழையார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். விலாசச் சீட்டு, ரேடியோ, டிவி, வாளி, மேஜை, தரை என்று ஒவ்வொன்றாக அவர் தலைக்குள் திருத்தம் ஆகிக்கொண்டு வந்தது. ஒரு வாரத்தில் அவர் செய்த அத்தனை வீரத்தையும் அவள் வரிசையாகச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள். அதுவும் தலைகீழாக.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம் இல்ல?"

"மூணு தடவ கேட்டேங்க. அரை மேஜை கேட்டேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "போன வருஷமும் எழுதினேன். அந்தப் பலகையில வச்சுப் படிச்சுத்தான் எழுதினேன். ஒரு மார்க்ல போச்சு."

போன வருடம் அவள் பரீட்சை எழுதியதே பிழையாருக்குத் தெரியாது. ஒற்றைக் காற்புள்ளி தப்பினாலும் கண்டுபிடிக்கிற மனிதர், ஒரே வீட்டில் ஒரு முழுப் பரீட்சையைத் தவறவிட்டிருக்கிறார். நெஞ்சில் சுருக்கென்றது. அதை முகத்தில் காட்டினால் தோற்றுப்போன கணக்காகிவிடும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலுல இதுதான் நல்லதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன்" என்றார் அக்கா. "உங்க வீட்டுக்காரர் அரை மணியில பிடிச்சுட்டார். கெட்டிக்காரர்தான்."

"கெட்டிக்காரர்தான்க்கா" என்றாள் மனைவி. "நான் ஒண்ணு சொன்னா நேர் எதிரா ஒண்ணு செய்வார். அது ஒண்ணுதான்."

இந்த வார்த்தைதான் பிழையாரை எழுப்பிவிட்டது. அப்படியா சங்கதி? என் எதிர்ப்பில்தானா இத்தனை நாள் குடித்தனம் நடத்துகிறாய்? இத்தனை வருடக் குடித்தனத்தின் ரகசியம் கையில் சிக்கிவிட்டது. இனிமேல் எதிராகச் செய்தால்தானே நீ ஜெயிப்பாய்? மாட்டேன். ஒன்றைக்கூட எதிராகச் செய்ய மாட்டேன். நீ சொன்னதைச் சொன்னபடி, எழுத்துப் பிசகாமல் செய்துகாட்டுகிறேன். அப்புறம் எப்படி என்னை ஆட்டிவைக்கிறாய், பார்த்துவிடலாம்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு, மனைவியின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"இப்ப சொல்லு. நான் என்ன பண்ணணும்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டாங்க. அப்படியே மத்தியானச் சமையலையும் பார்த்துக்கங்க. மூணு மாசத்துக்கு."

கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவளுடைய தந்திரத்தில் விழாமல் தப்பித்துவிட்ட பெருமிதத்தோடு பிழையார் அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.